மட்டக்களப்புக் கடலடியில் ஒரு கப்பல்



போன மாதம் லிஃப்டில் நம் மூன்றாம் மாடித் தம்பி ஒருவரைப் பார்த்தேன். புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சி முடித்தாயிற்றாம். அடுத்து இலங்கை போய், கடலுக்குள் கிடக்கும் போர்க்கப்பலைப் பார்க்கப் போகிறாராம். "எந்தக் கப்பல் தம்பி?" என்றேன். "ஹெர்மிஸ், அங்கிள்." கதை தெரியுமா என்றால், தெரியாது. அவரிடம் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

1942 ஏப்ரல். சிங்கப்பூரும் ரங்கூனும் ஜப்பானியர் வசம் போய்விட்டன. 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். மதராஸே காலியானது. மூட்டை முடிச்சோடு திருவண்ணாமலைக்கும் பலர் வந்து இறங்கினார்கள், திண்ணைக்குக்கூட வாடகை கேட்டார்கள் என்று என் அப்பா சொல்வார்.

ஹெர்மிஸ் பிரிட்டிஷ் கப்பல். விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் இதுதான். ஆனால் கட்டி முடிக்க 1924 ஆகிவிட்டது. அதற்குள் ஜப்பான் தன் ஹோஷோவை 1922லேயே முடித்து முந்திக்கொண்டது.

திரிகோணமலைக்குத் தாக்குதல் வருகிறது என்று எச்சரிக்கை வந்ததும், 8ஆம் தேதி இரவு ஹெர்மிஸ் தெற்கே கிளம்பியது. அதன் விமானங்களோ கரையில் நின்றன! கணக்கில் பணம் இல்லாமல் செக் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனது போல. மறுநாள் காலை திரும்பி வரும் வழியில், மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானிய வேவு விமானம் பார்த்துவிட்டது. பிறகு குண்டுமழைதான். உதவிக்குக் கிளம்பிய விமானங்கள் வருவதற்குள் கப்பல் மூழ்கிவிட்டது. கேப்டன் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலியக் கப்பல் வாம்பயரும் போயிற்று. தற்செயலாக அந்தப் பக்கம் வந்த வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் சுமார் 600 பேரைக் காப்பாற்றியது. அது வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹெர்மிஸ் கிடப்பது சுமார் 53 மீட்டர் ஆழத்தில், அதாவது 174 அடி. நம் ராஜகோபுரம் 217 அடி, ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பொழுதுபோக்கு டைவிங்குக்கு 40 மீட்டர்தான் எல்லை. அதற்குக் கீழே போகத் தனிப் பயிற்சி வேண்டும். ஆசைப்படுபவர்கள் அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பலைப் பார்க்கலாம். அது கல்குடா, பாசிக்குடா பக்கம் சுமார் 25 மீட்டரில் கிடக்கிறது. நம் ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் கடலும் கொந்தளிக்கும். கோடையில் போவதே நல்லது.

இன்னொன்றும் தம்பியிடம் சொன்னேன். ஞாபகார்த்தம் என்று ஒரு ஆணியைக்கூட எடுத்து வரக் கூடாது. அது 307 பேரின் சமாதி.

"அப்படியானால் எனக்கு 25 மீட்டரே போதும், அங்கிள்" என்கிறார் இப்போது. அந்த 25 மீட்டர் கணக்கைக்கூட வீட்டில் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். இந்த இதழ் வந்ததும் தெரிந்துவிடும்.