வீட்டு முற்றத்தில் குட்டைப் பனை வளர்ப்பு: குருத்தைக் காத்தால் மரம் நிலைக்கும்

வீட்டு வாசலுக்கு அழகாக இருக்கும் என்று அரிக்கா பாம், பாட்டில் பாம் போன்ற சிறிய பனை வகைகளை வாங்கி வைக்கிறோம். கும்மிடிப்பூண்டி, எளாவூர் சுற்றுவட்டாரத்தில் அதே வீட்டின் பின்புறம் நான்கைந்து தென்னை நிற்கும். வயல் வரப்பில் பனை நிற்கும். வாசலில் வைத்த அழகுச் செடியும் அவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு, சுருள் வெள்ளை ஈ மூன்றும் இந்தக் குட்டைப் பனைகளையும் தாக்கும். வாசல் செடியைக் கவனிக்காமல் விட்டால், பத்து ஆண்டுகளாகக் காய்த்துக்கொண்டிருக்கும் தென்னைக்கும் ஆபத்து வரலாம். எந்த வகையை எங்கே வைப்பது, எப்படிப் பராமரிப்பது என்று பார்ப்போம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

வேம்பையோ முருங்கையையோ உச்சியில் வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். பனைக் குடும்பம் அப்படியல்ல. ஒரு தண்டுக்கு ஒரே ஒரு வளரும் நுனிதான் உண்டு. அது குருத்துக்குள் இருக்கிறது. குருத்து அழுகினாலோ, வண்டு குடைந்தாலோ, உயரம் குறைய வேண்டும் என்று நாமே வெட்டினாலோ அந்தத் தண்டு செத்துவிடும். தண்டில் ஏற்படும் வெட்டுக்காயமும் மற்ற மரங்களைப் போல மூடி ஆறாது. நடுவது, நீர் ஊற்றுவது, மட்டை வெட்டுவது என எந்த வேலையானாலும் குருத்துக்குக் கேடு வராதபடி செய்ய வேண்டும்.

எந்த இடத்துக்கு எந்த வகை?

அரிக்கா பாம்: தூரிலிருந்து பல தண்டுகள் கிளம்பிப் புதராக வளரும். மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தது. பெயரைப் பார்த்துப் பாக்கு மரம் என்று எண்ண வேண்டாம். இதில் வெற்றிலையோடு போடும் பாக்கு கிடைக்காது. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடம் ஏற்றது. உப்புத் தண்ணீர் ஆகாது.

பாட்டில் பாம்: அடித்தண்டு பாட்டில் போலப் பருத்திருக்கும். மொரிஷியஸ் பக்கத்துத் தீவைச் சேர்ந்தது. மிக மெதுவாக வளரும். முழு வெயில் வேண்டும். உப்பை ஓரளவு தாங்கும். ஒற்றைத் தண்டு என்பதால் குருத்து போனால் மரமே போய்விடும்.

குட்டை ஈச்சை: 6 முதல் 10 அடி வரை வளரும். மட்டையின் அடிப்பகுதியில் கூரிய முள் இருக்கும். குழந்தைகள் ஓடி விளையாடும் நடைபாதை ஓரத்தில் வைக்க வேண்டாம்.

ராபிஸ்: மெல்லிய தண்டுகளோடு கூட்டமாக வளரும். திண்ணை, வராந்தா போன்ற நிழலான இடத்துக்கு ஏற்றது. நேரடி வெயில் பட்டால் இலை வெளுத்துவிடும்.

குட்டைத் தென்னை: அழகோடு பலனும் வேண்டும் என்பவர்களுக்கு சௌகாட் ஆரஞ்சு குட்டை நல்ல தேர்வு. இளநீருக்குப் பெயர் பெற்றது. நல்ல பராமரிப்பில் 3 முதல் 4 ஆண்டுகளில் பாளை விடும். ஆனால் குட்டை ரகங்களில் வெள்ளை ஈ கூடுதலாகத் தங்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். நாற்றுப்பண்ணையில் பனை வகைகளோடு சேர்த்து வைத்திருக்கும் சைகஸ் என்ற செடி உண்மையில் பனையே அல்ல. அதன் இலை, விதை இரண்டும் நஞ்சு. ஆடு, மாடு, நாய் உள்ள வீட்டில் அதைத் தவிர்த்துவிடுங்கள். மீன் வால் போன்ற இலையுள்ள கூந்தற்பனை வகைகளின் பழச்சாறு தோலில் பட்டால் கடும் அரிப்பு வரும்.

நம் மாநில மரமான பனையை வளர்க்க விரும்பினால் தொட்டியில் முயல வேண்டாம். அதன் முளை ஆழமாகக் கீழே இறங்கும் என்பதால், பிடுங்கி நட்டால் பிழைப்பது கடினம். வரப்பிலோ வேலி ஓரத்திலோ 10 அடிக்கு ஒன்றாக விதையை நேரடியாக ஊன்றுங்கள். ஏற்கெனவே நிற்கும் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டதையும் நினைவில் வையுங்கள்.

கன்று வாங்கும்போது

அழகுப் பனைக் கன்றுகள் பல வெளியூர் நாற்றுப்பண்ணைகளிலிருந்து வருகின்றன. ஆந்திராவின் கடியம் பகுதி இதற்குப் பெயர் பெற்றது. எங்கிருந்து வந்தாலும் மூன்று இடங்களைப் பாருங்கள்.

1. இலையின் அடிப்பக்கம்: வெள்ளை மெழுகு போன்ற சுருள் கோடுகளோ வெள்ளைப் பஞ்சோ இருந்தால் வாங்க வேண்டாம்.
2. குருத்து: நிமிர்ந்து பச்சையாக இருக்க வேண்டும். லேசாக இழுத்தால் கையோடு வரக் கூடாது.
3. தூர்: துளை, பழுப்பு நீர்க் கசிவு, மென்று துப்பியது போன்ற நார் இருக்கக் கூடாது.

வாங்கி வந்த கன்றை நேராகத் தென்னையடியில் வைக்காமல், மூன்று வாரம் தனியாக வைத்துக் கவனித்த பிறகு நடுங்கள்.

நடவு

எளாவூர்ப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் திருவள்ளூர் மாவட்டத்தின் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் தேங்கி நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் வேர் பிடிக்கும் முன்பே கன்று தண்ணீரில் நிற்க நேரிடும். ஆடி, ஆவணியில் நட்டால் பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். தண்ணீர் தேங்கும் இடமாக இருந்தால் ஓர் அடி உயரத்துக்கு மண் மேடு அமைத்து அதன்மேல் நடவும்.

சிறிய பனைகளுக்கு 2 அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி போதும். குட்டைத் தென்னைக்கு 3 அடி குழி வேண்டும். மேல்மண்ணோடு நன்கு மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். கடல் மணலையோ உப்பங்கழி ஓரத்து மணலையோ கலக்கக் கூடாது.

பாலித்தீன் பையைக் கத்தியால் கீறி அகற்றிவிட்டு, மண்கட்டி உடையாமல் வையுங்கள். கன்றைத் தண்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது. மண்கட்டியோடு அணைத்துத் தூக்க வேண்டும். பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடவும். ஆழமாகப் புதைத்தால் குருத்துக்குள் மண்ணும் நீரும் இறங்கி அழுகும். காற்றில் ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் குச்சி நட்டுக் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். தண்டில் ஆணி அடிக்க வேண்டாம்.

சுவரிலிருந்து 4 முதல் 5 அடி தள்ளி நடவும். குட்டைத் தென்னையை மின்கம்பிக்குக் கீழே நட வேண்டாம். மற்ற தென்னைகளிலிருந்து 20 அடிக்குக் குறையாத இடைவெளி வேண்டும்.

தொட்டியில் வைப்பதானால் செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு, மட்கிய உரம் 1 பங்கு கலக்கவும். தொட்டியின் அடியில் துளை அவசியம்.

தண்ணீரில் உப்பு உள்ளதா?

பழவேற்காடு உப்பங்கழி அருகில் இருப்பதால், கிழக்கே போகப் போகச் சில ஆழ்துளைக் கிணறுகளில் நீர் உப்பாக இருக்கும். இலை நுனிகள் வரிசையாகக் கருகினால் உடனே பூச்சி மருந்து தேட வேண்டாம். முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து உப்பின் அளவைத் தெரிந்துகொள்வது நல்லது.

தொட்டிச் செடிக்கு முடிந்தவரை மழைநீர் ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை அடித்துளை வழியே நீர் வடியும்வரை நல்ல தண்ணீர் ஊற்றினால் தேங்கிய உப்பு கரைந்து வெளியேறும். விரலை 2 அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள்; காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றலாம். தூரைச் சுற்றி ஊற்றுங்கள். மாலையில் குருத்துக்குள் நீர் ஊற்ற வேண்டாம். நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் இலையில் புழுதி படியும். வாரம் ஒருமுறை காலை நேரத்தில் இலையின் இரண்டு பக்கமும் கழுவிவிடுங்கள். வெள்ளை ஈயும் இதனால் குறையும்.

உரம்

தரையில் உள்ள சிறிய பனைக்கு ஆண்டுக்கு 5 கிலோ மட்கிய தொழுவுரத்தை இரண்டாகப் பிரித்து இடலாம். தொட்டிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். எந்த உரமானாலும் தண்டிலிருந்து தள்ளி இடவும்.

காய்க்கும் தென்னைக்கு 5ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ரசாயன உரங்களை ஜூன்–ஜூலை, டிசம்பர்–ஜனவரி என இரண்டாகப் பிரித்து, மரத்திலிருந்து 6 அடி வட்டத்தில் இட வேண்டும். 2, 3, 4ஆம் ஆண்டுகளில் முறையே கால், அரை, முக்கால் பங்கு இடவும்.

மட்டை வெட்டுதல்

முழுவதும் காய்ந்த மட்டையை மட்டும் வெட்டுங்கள். மஞ்சளாக இருக்கும் அடி மட்டையிலிருந்து சத்து மேலே உள்ள குருத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். அதை வெட்டினால் அடுத்த மட்டை மஞ்சளாகும். தென்னையில் பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டுமானால் தண்டிலிருந்து 4 அடி விட்டு வெட்டவும். வெட்டிய வாசனைக்குத்தான் கூன்வண்டு தேடி வருகிறது. பண்டிகைத் தோரணத்துக்காகக் குருத்தோலையை ஒடிக்கவே கூடாது.

பூச்சி, நோய்

காண்டாமிருக வண்டு: விரிந்த ஓலை கத்தரியால் முக்கோணமாக வெட்டியது போல இருந்தால் வண்டு குருத்தைக் குடைந்திருக்கிறது. இரும்புக் கொக்கியால் வண்டை வெளியே எடுங்கள். வேப்பங்கொட்டைத் தூள் 1 பங்கு, மணல் 2 பங்கு கலந்து, தென்னைக்கு 150 கிராம் அளவில் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் இடவும். சிறிய பனைக்கு ஒரு கைப்பிடி போதும். இந்த வண்டு முட்டையிடுவது எருக்குழியில். அதனால் எருக்குழியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளறி, வெள்ளைப் புழுக்களைக் கோழிக்குப் போடுங்கள்.

சிவப்புக் கூன்வண்டு: தண்டில் துளை, பழுப்பு நீர்க் கசிவு, காதை வைத்தால் கரகர என்ற சத்தம் ஆகியவை அறிகுறிகள். குருத்து சாய்ந்துவிட்டால் மரத்தைக் காப்பது கடினம். அப்படிப்பட்ட மரத்தை வெட்டி, பிளந்து எரித்துவிடுங்கள். அப்படியே போட்டால் பக்கத்துத் தென்னைக்குப் பரவும். இனக்கவர்ச்சிப் பொறியை ஊர் சேர்ந்து பல இடங்களில் வைத்தால்தான் பலன் உண்டு. ஒரு வீட்டு முற்றத்தில் மட்டும் வைத்தால் வண்டை நாமே அழைத்தது போலாகும்.

சுருள் வெள்ளை ஈ: 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது. இலை அடியில் வெள்ளைச் சுருள், மேலே கரும்பூசணம் தெரியும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசை கலந்து தெளித்தால் காய்ந்து உதிரும். ரசாயன மருந்து அடித்தால் இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியும் செத்துவிடும்.

குருத்தழுகல்: மழைக்காலத்தில் நடுக்குருத்து மஞ்சளாகி, இழுத்தால் துர்நாற்றத்தோடு கையில் வரும். ஆரம்பத்திலேயே கண்டால் அழுகிய பகுதியைச் சுத்தமாகச் செதுக்கி எடுத்து, போர்டோ பசை தடவி, மழைநீர் இறங்காமல் மூடிவையுங்கள். பசைக்கு மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம் ஆகியவற்றைத் தனித்தனியே அரை லிட்டர் நீரில் கரைத்துப் பிளாஸ்டிக் வாளியில் கலக்கவும். மழைக்கு முன்பே தெளிக்க 1 சதவீதக் கலவை போதும். அதற்கு லிட்டருக்குத் தலா 10 கிராம். உலோகப் பாத்திரம் கூடாது.

வாரம் ஒரு பார்வை

வாரத்தில் ஒருநாள் குருத்து, இலையின் அடி, தூர் மூன்றையும் பாருங்கள். வாசலில் உள்ள குட்டைப் பனையில் குருத்து நம் கண் உயரத்தில் இருக்கிறது. பின்புறத் தென்னையில் 40 அடி உயரத்தில் இருக்கிறது. தென்னைக்கு வரப்போகும் தொல்லை பல நேரங்களில் வாசல் செடியிலேயே முதலில் கண்ணில் படும். அதைக் கண்ட அன்றே தென்னையையும் பார்த்துவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் பாதித்த இலையைப் பையில் மூடி எடுத்துக்கொண்டு, கும்மிடிப்பூண்டி வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறலாம்.