விண்ணப்பம் முதல் மனு வரை

முதலாம் இராசேந்திரன் (1014–1044) அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. அரண்மனையின் செங்கல் அடித்தளம் மாளிகைமேட்டு அகழாய்வில் வெளிப்பட்டது.

கோயிலுக்கு நிலம் வேண்டிச் சோழ அரசனிடம் அதிகாரிகள் விண்ணப்பம் செய்வர். அரசன் வாய்மொழியாக இசைந்ததைத் திருமந்திர ஓலை எனும் அலுவலர் எழுதுவார்; திருமந்திர ஓலை நாயகம் ஒப்புதல் தருவார். பின்னர் வரித்துறையினரான புரவுவரித் திணைக்களத்தார் அதை வரிக்கணக்கில் பதிவர். இத்தனை கை மாறியும் காரியம் நடந்ததே வியப்பு!

ஆங்கிலேயர் காலத்தில் கங்கைகொண்ட சோழபுரப் பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. மனுக்கள் ஆண்டுதோறும் ஜமாபந்தி எனும் வருவாய்க் கணக்கு ஆய்வில் வாங்கப்பட்டன. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2007இல் அரியலூர் அதிலிருந்து பிரிந்தது. இரு ஆட்சியர் அலுவலகங்களிலும் திங்கட்கிழமைகளில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது.