நீரை அளந்தவர்கள்

மத்ரஸாவில் சேரும் மாணவன் ஃபிக்ஹு நூலைத் திறந்ததும் முதன்முதலில் காணும் பாடம் தண்ணீரைப் பற்றியதாகும். எது தூய நீர், எது பயன்படுத்தப்பட்ட நீர் என்று அவன் ஓதுகிறான். ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவனாயின், நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஒன்றேகால் முழமுள்ள நீரே 'குல்லதைன்' என்று மனனம் செய்கிறான். அந்த அளவை எட்டிய நீரில் அசுத்தம் விழினும், நிறம், சுவை, மணம் மாறாத வரை அது கெடாது என்பதையும் அறிகிறான்.

ஆனால், அப்பாடம் ஒளூவோடு முடிந்துவிடுகிறது. பின்னர் பிழைப்புக்கு வழி தேடும் வேளையில், நீரைச் சார்ந்தும் கண்ணியமான தொழில்கள் உண்டென்று அவனுக்கு எவரும் சொல்வதில்லை. சொன்னாலும், "குழாய் வேலையா?" என்று வீட்டார் முகம் சுளிக்கின்றனர். நம் முன்னோர் அவ்வாறு எண்ணினரா என்பதை வரலாற்றிடமே கேட்போம்.

அரபு மொழியில் பொறியாளரை 'முஹந்திஸ்' என்கிறோம். கால்வாய் செல்லும் தடத்தை அளந்து குறிப்பவன் என்பதே பழைய அரபு அகராதிகள் அதற்குத் தரும் பொருள். அளவு எனப் பொருள்படும் 'அந்தாஸா' என்ற பாரசீகச் சொல் அதன் வேராகும். பொறியாளன் என்ற பெயரே நீரிலிருந்து பிறந்தது என்பதை அறியும்போது வியப்பு மேலிடுகிறதன்றோ!

ஹிஜ்ரீ ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அல்கரஜீ, பக்தாதில் இயற்கணித நூல்கள் எழுதிப் புகழ் பெற்றவர். பின்னர் மலைநாட்டுக்குச் சென்ற அம்மேதை, மறைந்துள்ள நீரை வெளிக்கொணர்வது பற்றித் தனி நூலொன்று இயற்றினார். எத்தகைய மலையும் செடியும் நிலத்தடி நீருக்கு அடையாளமாகும், மட்டம் பார்க்கும் கருவியை எவ்வாறு அமைப்பது, ஒருவரின் கிணற்றுக்கும் அடுத்தவரின் கிணற்றுக்கும் இடையே சட்டப்படி எவ்வளவு தூரம் வேண்டும் என்பனவற்றையெல்லாம் அதில் விளக்கினார். கணிதமும் ஃபிக்ஹும் மண்வெட்டியும் அந்நூலில் ஒருங்கே அமர்ந்தன.

அவர் விவரித்த நிலத்தடிக் கால்வாய்க்குக் 'கனாத்' என்று பெயர். மலையடிவாரத்தில் தாய்க்கிணறு தோண்டி, அங்கிருந்து ஊர்வரை மெல்லிய சரிவுடன் சுரங்கம் வெட்டுவர். சரிவு மிகுந்தால் நீர் வேகமாய் ஓடி அடித்தளத்தை அரிக்கும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். காற்று புகவும் மண்ணை வெளியேற்றவும் இடையிடையே செங்குத்துக் குழிகள் உண்டு. இப்பணியைச் செய்தவர் 'முகன்னீ' எனப்பட்டார். அகல் விளக்கு மங்கினால் மூச்சுக்குக் காற்றில்லை என்று உணர்ந்து பின்வாங்குவார். மண் சரிந்து உயிர் போவதும் உண்டு. அவர் கையில் தந்தை வழியாக வந்த அறிவு இருந்தது. ஊர்களின் உயிரும் இருந்தது.

எகிப்துக்கு வருவோம். ஹிஜ்ரீ 247இல், அதாவது கி.பி. 861இல், கலீஃபா முதவக்கிலின் ஆணைப்படி நைல் நதியின் ரவ்ளாத் தீவில் நீர்மட்டத்தை அளக்கும் 'மிக்யாஸ்' கட்டப்பட்டது. நடுவே நிற்கும் எண்பட்டைப் பளிங்குத் தூணில் முழக் கணக்கு பொறிக்கப்பட்டது. வெள்ளம் 16 முழம் உயர்ந்தால் விளைச்சல் நிறையும். நிலவரியும் முழுமையாகப் பெறப்படும். குறைந்தால் பஞ்சம் வருமோ என்று நாடே நடுங்கும். அத்தூணைக் காக்கும் பொறுப்பு, ஹதீஸ் அறிவிப்பவரான அபுர் ரத்தாத் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. திங்களுக்கு 7 தினார் ஊதியம். அவருக்குப் பின் அப்பணி பல தலைமுறைகள் அவர் வழியினரிடமே நிலைத்தது. ஹதீஸ் கற்ற நாவும் நீரை அளந்த கையும் ஒருவருடையவாகவே இருந்தன!

காலம் மாறியது, கருவிகளும் மாறின. 1907இல் உதுமானிய அரசு ஜித்தாவில் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரத்தை நிறுவியது. 'கண்டென்சர்' என்ற அதன் ஆங்கிலப் பெயர் மக்கள் நாவில் 'கிந்தாஸா' ஆயிற்று. 1974இல் ஸவூதி அரசு இப்பணிக்கென்றே தனி நிறுவனம் அமைத்தது. நம் சென்னைக்கு அருகிலும் மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆற்றலுடன் தனித்தனி ஆலைகள் தொடங்கப்பட்டன.

இத்தகைய ஆலைகளுக்கு இயந்திரம் அறிந்தவர் வேண்டும். உப்பை வடிக்கும் சவ்வுகளைப் பேணுபவர் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நீரைச் சோதிக்கும் வேதியியலார் வேண்டும். நகரங்களுக்கோ குழாய்த் தடம் அளப்பவரும் கழிவுநீரைத் தூய்மையாக்குபவரும் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையம் முதல் பொறியியல் கல்லூரி வரை இவற்றுக்கு வாயில்கள் உள்ளன. ஆய்வுக்கூடத்தார் நீரை எடுத்ததும் நோக்குவனவற்றில் நிறமும் மணமும் சுவையும் உள்ளன. நம் பிள்ளை பத்து வயதில் ஓதிய பாடமல்லவா அது?

பெற்றோரே! உங்கள் மகன் நீர்த்தொழில் கற்க விரும்பினால் தடுக்காதீர்கள். அபுர் ரத்தாத் பெற்ற 7 தினார் ஹலாலான ஊதியம். அதனினும் மேலாக, ஒரு நாட்டின் தாகத்துக்கு அவர் காவலராயிருந்தார். கிதாபின் முதற்பாடத்தை வாழ்வின் தொழிலாக்கும் பேறு நம் இளைஞர்க்கும் வாய்ப்பதாக!