இரைமீன் (கடல் தூண்டில் மீன்பிடி)

இரைமீன் என்பது பெரிய மீன்களைத் தூண்டிலில் பிடிப்பதற்காக முள்ளில் மாட்டப்படும் அல்லது நீரில் வீசப்படும் சிறு மீன் ஆகும். மத்தி (சாளை), நெத்திலி, கானாங்கெளுத்தி, மடவை, முரல் முதலிய மீன்கள் உலகின் பல கடற்பகுதிகளில் இரைமீன்களாகப் பயன்படுகின்றன. கட்டணம் பெற்றுக்கொண்டு பயணிகளைக் கடலுக்கு அழைத்துச் சென்று மீன்பிடிக்க வைக்கும் வாடகைப் படகுத் தொழிலில் இரைமீன் முதன்மையான இடத்தைப் பெறுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா, புளோரிடா மாநிலங்களில் இத்தொழில் பரவலாக நடைபெறுகிறது.

தூண்டிலுக்குப் பயன்படும் இச்சிறு மீன்களே பெரிய மீன்கள், கடற்பறவைகள், கடற்சிங்கங்கள் ஆகியவற்றின் இயற்கை உணவாகவும் உள்ளன. எனவே ஒரு கடற்பகுதியில் எவ்வளவு இரைமீனைப் பிடிக்கலாம் என்பது மீன்வள மேலாண்மையின் முக்கியமான கேள்விகளுள் ஒன்றாகும்.

பயன்படுத்தும் வடிவங்கள்

இரைமீன் பொதுவாக மூன்று வடிவங்களில் பயன்படுத்தப்படுகிறது.

* உயிர் இரை: உயிருடன் முள்ளில் மாட்டப்படும் மீன். இதன் இயல்பான நீச்சலும், அச்சத்தில் அது எழுப்பும் அதிர்வும் வேட்டை மீன்களை ஈர்க்கின்றன. சூரை, பாரை, மயில் மீன் ஆகியவற்றைப் பிடிக்க இது விரும்பப்படுகிறது.
* முழு இறந்த இரை: உறையவைத்த அல்லது உப்பிட்ட முழு மீன். ஓடும் படகின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் தூண்டில்களில் இது பயன்படுகிறது. புளோரிடாவில் இதற்கு முரல் இன மீன்கள் பெரிதும் பயன்படுகின்றன.
* வெட்டிய இரை: துண்டுகளாகவோ பட்டைகளாகவோ நறுக்கப்பட்ட மீன். கடலடியில் வாழும் கலவா, சங்கரா போன்ற மீன்கள் மணத்தைக் கொண்டு இரையைத் தேடி வருவதால் அவற்றுக்கு இது ஏற்றது.

இரைமீனைப் பெறுதல்

வாடகைப் படகுகள் இரைமீனை இரண்டு வழிகளில் பெறுகின்றன. முதலாவது, படகினரே பிடித்துக்கொள்வது. ஆழமற்ற நீரில் வீச்சுவலையும், ஆழமான நீரில் சபிக்கி எனப்படும் சப்பானியத் தூண்டிலும் பயன்படுகின்றன. சபிக்கியில் ஒரே நரம்பில் பல சிறு முட்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு முள்ளிலும் சிறு உயிரினம் போலத் தோன்றும் இறகு அல்லது மீன்தோல் துணுக்கு இருக்கும்.

இரண்டாவது, இரை விற்பவர்களிடம் வாங்குவது. சான் டியேகோ துறைமுகத்தில் இம்முறையே வழக்கில் உள்ளது. அங்கு இரைப்படகுகள் சுற்றுவலையால் மத்தியையும் நெத்திலியையும் பிடித்து, மிதக்கும் கூண்டுகளில் விடுகின்றன. கடலுக்குப் புறப்படும் படகுகள் இக்கூண்டுகளின் அருகே நின்று இரையை ஏற்றிக்கொள்கின்றன.

கூண்டில் சில நாட்கள் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. வலையில் அகப்படும்போது மத்தியின் செதில்கள் எளிதில் உதிர்கின்றன. செதிலும் அதன் மேலுள்ள வழவழப்பான படலமும் நீங்கிய இடத்தின் வழியே, தன் உடல் நீரைவிட உப்பு மிகுந்த கடல்நீரிடம் மீன் தன் நீரை இழக்கிறது. காயம் மிகுந்த மீன்கள் ஓரிரு நாட்களில் இறந்துவிடுகின்றன. எஞ்சியவை உறுதியானவை. இவ்வாறு தேறிய மீன்கள் படகின் தொட்டியிலும் முள்ளிலும் நீண்ட நேரம் உயிர் வாழ்கின்றன. இதனால் வாடகைப் படகினர் அன்று பிடித்த மீனைவிடக் கூண்டில் தேறிய மீனையே விரும்புகின்றனர்.

படகில் பேணும் முறை

உயிர் இரையைப் பேணும் தொட்டிகள் பெரும்பாலும் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ அமைக்கப்படுகின்றன. மத்தியும் நெத்திலியும் கூட்டமாக இடைவிடாது நீந்துபவை. சதுரத் தொட்டியில் அவை மூலைகளில் நெருங்கி, சுவரில் மூக்கை மோதிக் காயமடைகின்றன. வட்டத் தொட்டியில் நீரோட்டத்தை எதிர்த்து ஒரே சீராகச் சுற்றி வருகின்றன.

தொட்டிக்குள் புதிய கடல்நீர் எக்கி மூலம் தொடர்ந்து செலுத்தப்பட்டு, மேல் விளிம்பின் வழியே வெளியேற்றப்படுகிறது. இதனால் இரண்டு தேவைகள் நிறைவேறுகின்றன. ஒன்று, மீன்கள் சுவாசிக்க ஆக்சிசன் கிடைக்கிறது. மற்றொன்று, அவை வெளியேற்றும் அம்மோனியா அகற்றப்படுகிறது. வெப்பநிலையும் கவனிக்கப்பட வேண்டியதாகும். 15 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிசன் கரையும். 30 பாகையில் இது ஏறத்தாழ 6 மில்லிகிராமாகக் குறைகிறது. அதே வேளையில், வெப்பம் கூடும்போது மீனின் ஆக்சிசன் தேவை அதிகரிக்கிறது. எனவே வெப்பமான நீரில் ஒரே தொட்டியில் குறைவான மீன்களையே வைத்திருக்க இயலும். அளவுக்கு மீறி நிரப்பினால் சில மீன்கள் மட்டுமன்றித் தொட்டி முழுவதுமே இறந்துபோகக்கூடும்.

மீனைக் கையாளும் முறையும் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. உலர்ந்த கையால் பிடித்தால் மேற்படலம் நீங்கிவிடும் என்பதால், கையை நனைத்துக்கொண்டு பிடிக்குமாறு பயணிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது.

முள்ளில் மாட்டுதல்

உயிர் இரையை எந்த இடத்தில் குத்துகிறோம் என்பதைப் பொறுத்து அது நீந்தும் திசை மாறுகிறது. மூக்கில் குத்தப்பட்ட மீன் நீரோட்டத்திலும் மெதுவாக ஓடும் படகின் பின்னும் இயல்பாக நீந்தும். வயிற்றின் பின்பகுதியில் குத்தப்பட்ட மீன் படகைவிட்டு விலகிக் கீழ்நோக்கி நீந்த முயலும். கலிபோர்னியப் படகுகளில் ஈயக் குண்டு எதுவும் கட்டாமல், மீனின் நீச்சலுக்கு ஏற்ப நரம்பைத் தளர விடும் முறை பரவலாக உள்ளது. செதில் உதிராத, துடிப்பான மீனைத் தேர்ந்தெடுப்பதும், அது சோர்ந்தவுடன் மாற்றுவதும் இம்முறைக்கு இன்றியமையாதவை. புளோரிடாவில் மயில் மீன் பிடிக்கப் பட்டம் பறக்கவிட்டு, அதன் கயிற்றிலிருந்து தொங்கும் நரம்பின் முனையில் உயிர் இரையை நீர்மட்டத்திலேயே துள்ளவிடும் முறையும் உண்டு.

இழுத்துச் செல்லப்படும் இறந்த முரல் நேராகச் செல்ல வேண்டும். அது சுழன்றால் நரம்பு முறுக்கேறுவதுடன் வேட்டை மீனும் ஐயுற்று விலகும். இதற்காக முதுகெலும்பை வளைத்து விறைப்பை நீக்கி, வாயைக் கம்பியால் மூடிக் கட்டி, தாடையின் கீழ் சிறு ஈயம் வைக்கின்றனர். உப்பும் பனிக்கட்டியும் கலந்த நீரில் முன்னரே ஊறவைப்பதால் சதை இறுகி, விரைவில் கிழியாமல் இருக்கும்.

இரை வீசல்

சூரைக் கூட்டம் படகை நெருங்கும்போது படகினர் உயிருள்ள மீன்களைச் சிறிது சிறிதாக நீரில் வீசுவர். இது கூட்டத்தைப் படகின் அருகிலேயே நிறுத்தி வைக்கும். குறைவாக வீசினால் கூட்டம் விலகும். மிகையாக வீசினால் தூண்டிலில் உள்ள இரையை மீன்கள் பொருட்படுத்தா. நீண்ட பயணங்களில் தொட்டியிலுள்ள இரை தீர்ந்துவிட்டால் எஞ்சிய நாட்களின் மீன்பிடி பெரிதும் பாதிக்கப்படும். எனவே இரையைச் செலவிடும் அளவைக் கணிப்பது படகோட்டியின் முக்கியத் திறன்களுள் ஒன்றாகும்.

கலிபோர்னியாவில் மத்தியின் இருப்பு

சான் டியேகோவின் உயிர் இரை மரபு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூண்டில் கழி கொண்டு சூரை பிடித்த வணிகப் படகுகளிடமிருந்து வளர்ந்தது. இதில் சப்பானியக் குடியேறிகளின் பங்கு குறிப்பிடத்தக்கது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் வணிகப் படகுகள் சுற்றுவலைக்கு மாறின. எனினும் பயணிகள் படகுகளில் உயிர் இரை தொடர்ந்தது.

இம்மரபு சார்ந்திருக்கும் பசிபிக் மத்தி (சார்டினோப்சு சாகாக்சு) பெரும் ஏற்றத்தாழ்வுகளைக் கண்ட மீனாகும். 1936-37 பருவத்தில் வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் 7 இலட்சம் தொன்னுக்கும் மேல் மத்தி பிடிக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி மீன்தூளாகவும் எண்ணெயாகவும் மாற்றப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இம்மீன்பிடி வீழ்ச்சியடைந்தது. 1967இல் கலிபோர்னியா மத்தி பிடிப்பதற்குத் தடை விதித்தது. இருப்பு மீண்ட பின்னர் 1986இல் சிறிய அளவில் அனுமதி வழங்கப்பட்டது.

வீழ்ச்சிக்கு மீன்பிடி மட்டும் காரணம் அன்று. சாண்டா பார்பரா அருகே கடலடிப் படிவுகளில் அடுக்கடுக்காகப் புதைந்துள்ள மீன் செதில்களை எண்ணி ஆய்வாளர்கள் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளின் வரலாற்றை மீட்டுள்ளனர். பெருமளவு மீன்பிடி தொடங்குவதற்கு முன்பே மத்தியும் நெத்திலியும் பலமுறை பெருகிக் குறைந்ததை இது காட்டுகிறது. ஆயினும் இயற்கையாகக் குறையும் காலத்தில் மிகையாகப் பிடித்தால் வீழ்ச்சி ஆழமாகி, மீட்சி தாமதமாகும்.

2015இல், மதிப்பிடப்பட்ட இருப்பு 1,50,000 தொன் என்ற வரம்புக்குக் கீழ் சென்றதால், மத்தியைக் குறிவைக்கும் பெரிய வணிக மீன்பிடி நிறுத்தப்பட்டது. உயிர் இரைக்காகப் பிடிப்பது மட்டும் தொடர்ந்து அனுமதிக்கப்பட்டது. 2019இல் இருப்பு 50,000 தொன்னுக்கும் குறைந்ததாக மதிப்பிடப்பட்டு, இது மிகையாகப் பிடிக்கப்பட்ட இருப்பு என அறிவிக்கப்பட்டது. இதனால் மீட்புத் திட்டம் வகுப்பது சட்டப்படி கட்டாயமானது.

உயிர் இரைக்கான பிடிப்பு ஆண்டுக்குச் சில ஆயிரம் தொன் அளவிலானது. அளவு சிறிது என்பதும், அதைச் சார்ந்து படகோட்டிகள், இரை விற்போர், துறைமுகக் கடைகள் எனப் பலர் வாழ்கின்றனர் என்பதும் இதற்கு ஆதரவான வாதங்கள். இருப்பு மிகவும் குறைந்த நிலையில் சிறிய பிடிப்பும் மீட்சியைத் தாமதப்படுத்தும் என்பது எதிர்வாதம். 2013 முதல் தென் கலிபோர்னியாவில் கடற்சிங்கக் குட்டிகள் பட்டினியால் பெருமளவில் கரை ஒதுங்கியபோது, தாய் விலங்குகளுக்கு மத்தி, நெத்திலி ஆகியன போதிய அளவு கிடைக்காததே காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. 2010களின் பிற்பகுதியில் நெத்திலி பெருகியதால் அது படகுத் தொட்டிகளில் முக்கிய இரையாக மீண்டும் இடம்பெற்றது.

வளைமுள்ளும் விதிகளும்

இரைமீனை முழுதாக விழுங்கும் மீனின் குடலில் முள் தைத்துக்கொண்டால், விடுவித்தாலும் அம்மீன் பிழைப்பது அரிது. இதைக் குறைக்க வளைமுள் பயன்படுகிறது. இதன் கூர்முனை தண்டை நோக்கி உட்புறம் வளைந்திருக்கும். மீன் இரையுடன் விலகிச் செல்லும்போது முள் தொண்டையிலிருந்து வழுக்கி வந்து வாயின் ஓரத்தில் தைக்கும். இதற்குத் தூண்டிலை வெடுக்கென இழுக்காமல் நரம்பு தானாக இறுகும்வரை காத்திருக்க வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் அத்திலாந்திக் பகுதியில் மயில் மீன், கொப்பரன் போன்ற மீன்களுக்கான போட்டிகளில் இயற்கை இரையுடன் வளைமுள்ளையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2008இல் நடைமுறைக்கு வந்தது. அத்திலாந்திக் கரையோர மாநிலங்களில் ஸ்ட்ரைப்டு பாஸ் மீனை இயற்கை இரையால் பிடிப்போருக்கு இத்தகைய விதி 2021இல் வந்தது.

உயிருள்ள மீனை முள்ளில் குத்துவது கொடுமை என்ற கருத்தும் உண்டு. நோர்வே, செருமனி போன்ற நாடுகளில் உயிர் மீனை இரையாக்குவது பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.

நோய் பரவும் இடர்

1995இலும் 1998இலும் ஆத்திரேலியாவின் தென் கடற்பகுதிகளில் மத்தி மீன்கள் பெருமளவில் இறந்தன. ஒரு வகை ஹெர்ப்பிசு தீநுண்மம் இதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. சூரைப் பண்ணைகளுக்குத் தீவனமாக இறக்குமதி செய்யப்பட்ட உறைந்த மத்தியின் வழியே இது நுழைந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது; ஆனால் உறுதிசெய்யப்படவில்லை. ஓரிடத்து இரைமீனை வேறொரு கடற்பகுதியில் விடக்கூடாது என்ற அறிவுரை இத்தகைய இடர்களைக் கருதியே வழங்கப்படுகிறது.

தொடர்புடைய முறைகள்

மாலைத்தீவிலும் இலட்சத்தீவுகளின் மினிக்காயிலும் உயிர் இரையை வீசிக் கழித் தூண்டிலால் சூரை பிடிக்கும் மரபு உள்ளது. பவளப்பாறைகளை ஒட்டிப் பிடிக்கப்படும் சிறு மீன்களே இங்கு இரை. வீசிய இரையைச் சுற்றிச் சூரைகள் பரபரக்கும்போது வெறும் முள்ளையே அவை கவ்விவிடும். இலங்கையிலும் தமிழகத்திலும் அறியப்பட்ட மாசிக் கருவாடு இவ்வாறு பிடிக்கப்படும் சூரையிலிருந்து செய்யப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* தூண்டில்
* மத்தி
* நெத்திலி
* சூரை
* உணவுச் சங்கிலி

பகுப்புகள்: மீன்பிடித்தல் | கடல் மீன்கள் | கடல் சூழலியல்