ஒற்றைக் குழாயா, இரட்டைக் குழாயா?

ஜீப் கிளாடியேட்டர் பிக்கப்பின் முன் சக்கரங்கள் இரண்டையும் ஒரே கெட்டி அச்சு பிணைத்திருக்கிறது. இடது சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் வலது சக்கரத்துக்கும் சேதி போய்விடும். ரூபிக்கான் வகை 33 அங்குல டயரோடு தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிறது. அமெரிக்காவில் அதை வாங்குகிறவர்களில் பலர் கொஞ்ச நாளிலேயே வண்டியை உயர்த்தி 37 அங்குல டயரை மாட்டிவிடுகிறார்கள். டயரின் எடை கூடுகிறது. வெளியே துருத்தும் ரிம்மைப் போட்டால், சக்கரம் திரும்பும் மையத்திலிருந்து டயரின் நடுப்பகுதி இன்னும் விலகிப் போகிறது. சாலையின் ஒவ்வொரு உதையும் நீண்ட நெம்புகோலில் ஏறி ஸ்டீயரிங்குக்கு வந்து சேர்கிறது.

அந்த உதையை வாங்கிக்கொள்ளத்தான் ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர் என்கிற டேம்பர். ஷாக் அப்சார்பரைப் படுக்கவைத்து ஸ்டீயரிங் ராடோடு இணைத்தால் அதுதான் இது. மெதுவாகத் திருப்பினால் உள்ளே எண்ணெய் வழிவிடும், சட்டென்று உதைத்தால் முரண்டு பிடிக்கும். கடைக்குப் போனால் இரண்டு கட்டமைப்புகள் முன்னால் நிற்கும்.

இரட்டைக் குழாய் பழைய முறை. உள்குழாயில் பிஸ்டன் ஓடும், வெளிக்குழாய் எண்ணெயைச் சேமித்து வைக்கும். ரான்சோவின் ஆர்எஸ்5000 இந்த இனம். விலை குறைவு, கல் பட்டு வெளிக்குழாய் நசுங்கினாலும் பெரும்பாலும் வேலை செய்யும். பாறை மேல் ஏறி இறங்குகிறவர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. குறை என்னவென்றால், எண்ணெயும் வாயுவும் ஒரே உறைக்குள் இருப்பதால் நுரை கட்டுகிற ஆபத்து. டேம்பர் படுத்துக் கிடப்பதால் அந்த ஆபத்து இன்னும் அதிகம். அதைத் தடுக்கத்தான் சில தயாரிப்பாளர்கள் வாயுவைத் தனிப் பைக்குள் அடைக்கிறார்கள்.

டேம்பருக்குள் குமிழி வந்தால் என்ன ஆகும் என்பதை ஜீப்பே 2019இல் பார்த்தது. புதிய ரேங்லரிலும் கிளாடியேட்டரிலும் நெடுஞ்சாலை வேகத்தில் முன்பக்கம் வெறி பிடித்ததுபோல் ஆடுவதாகப் புகார்கள் எழுந்தன; அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்கு 'டெத் வாபிள்' என்று பெயர். குளிர் கூடும்போது டேம்பருக்குள் காற்றுக் குமிழிகள் உருவாகி அதன் பிடியைக் குறைக்கின்றன என்று நிறுவனம் விளக்கம் சொல்லி, மாற்று டேம்பர் கொடுத்தது.

ஒற்றைக் குழாய் இந்தச் சிக்கலை வேரிலேயே வெட்டுகிறது. எண்ணெய் ஒரு பக்கம், அழுத்தமேற்றிய நைட்ரஜன் மறுபக்கம், இடையில் மிதக்கும் ஒரு பிஸ்டன். கலக்க வழியே இல்லை. ஒரே சுவர் என்பதால் சூடும் சீக்கிரம் வெளியேறும். ஆனால் அந்தச் சுவரில் ஆழமாகப் பள்ளம் விழுந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

விளம்பரங்கள் அடக்கி வாசிக்கிற இன்னொரு விஷயமும் உண்டு. உள்ளிருக்கும் அழுத்தம் பிஸ்டனின் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். 14 மி.மீ. தண்டும் 10 பார் அழுத்தமும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் தள்ளுவிசை சுமார் 16 கிலோ வரும். நேர் சாலையிலும் வண்டி ஒரு பக்கம் மெல்ல இழுக்கும். சக்கரக் கோணங்களை மட்டும் சரிசெய்தால் இது போகாது. ஃபாக்ஸின் 2.0 ஏடிஎஸ் போன்றவற்றில் தண்டு பிஸ்டனைக் கடந்து மறுமுனை வரை நீள்கிறது. இரு பக்கமும் தண்டின் பரப்பு சமமாக இருப்பதால் தள்ளுவிசை இல்லை. இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகும் உண்டு. விலைதான் கையைக் கடிக்கும்.

என் கணக்கில், 35 அங்குலத்தோடு நிற்கிறவருக்கு நல்ல இரட்டைக் குழாயே போதும். 37 அங்குலம் மாட்டி தினமும் நெடுஞ்சாலையில் பறக்கிறவர் இருபுறத் தண்டுள்ள ஒற்றைக் குழாய்க்குப் பணம் கொடுக்கலாம். தண்டு ஒரு பக்கம் மட்டுமே நீளும் அழுத்த வகையை, ஸ்டீயரிங் பெட்டியைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க்கைத் திருகி ஸ்டீயரிங்கை நடுவுக்குக் கொண்டுவரத் தெரிந்தவருக்குத்தான் பரிந்துரைப்பேன். இரண்டு டேம்பர்களை எதிரெதிராக மாட்டும் செட் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், தள்ளுவிசையும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆனால் வளைவில் திரும்பியபின் ஸ்டீயரிங் நடுவுக்கு வர மந்தமாகும்.

எதை வாங்குவதானாலும் முதலில் வண்டியைச் சோதிக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் அசைக்க, இன்னொருவர் கீழே குனிந்து, அச்சை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் டிராக் பாரின் போல்ட், புஷ், பால் ஜாயிண்ட், டை ராடு எண்டு எல்லாவற்றையும் பார்க்கட்டும். எங்கே லூசு இருக்கிறதோ அங்கேதான் ஆட்டத்தின் வேர். புது டேம்பர் அதைச் சில மாதம் மூடி மறைக்கும், அவ்வளவுதான். வண்டியை உயர்த்தும்போது காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) குறைந்து வண்டி அலைபாய்ந்தால் அதற்கும் டேம்பர் மருந்தல்ல. கன்ட்ரோல் ஆர்மின் நீளத்தை மாற்றிக் கோணத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

மாட்டியபிறகு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். அச்சிலுள்ள ஸ்டாப் தட்டுவதற்கு முன்பே டேம்பரின் தண்டு நீளம் தீர்ந்துவிட்டால் அந்த அளவு அந்த வண்டிக்கு ஆகாது. அப்படியே ஓட்டினால் ஒவ்வொரு முழுத் திருப்பத்திலும் அடி முழுவதும் டேம்பரின் புஷ்ஷிலும் பிராக்கெட்டிலும்தான் விழும்.