இரண்டே இரண்டு மீன்

('அழகு மீன் வளர்ப்பு: தனிமனித உரிமையா? அரசின் கட்டுப்பாடா?' என்ற பட்டிமன்றத்தில், 'கட்டுப்பாடே தேவை' என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "என் வீடு, என் தொட்டி, என் காசு. எந்த மீனை வளர்த்தா சர்க்காருக்கு என்ன?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நியாயமான கேள்விதாங்க. பதிலுக்கு நான் 2002-ஆம் ஆண்டு நடந்த ஒரு விஷயத்தைச் சொல்றேன்.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் க்ராஃப்டன் என்று ஓர் ஊர். அங்கே நாலு ஏக்கர் அளவில் ஒரு குளம். அந்த வருஷம் மே மாதம் ஒருவர் தூண்டில் போட்டார். மாட்டியது ஒரு விநோத மீன். பாம்பு மாதிரி தலை, வாய் நிறையப் பல்! அவர் படம் எடுத்துக்கொண்டு, மீனைத் திரும்பக் குளத்திலேயே விட்டுவிட்டார். அப்புறம்தான் படத்தை அதிகாரிகளிடம் காட்டினார். ஊரே கதிகலங்கிப் போச்சு. நம்ம ஊர்ல காட்டியிருந்தா சின்னப் பிள்ளைகூட, "அட, இது விரால்!"னு சொல்லியிருக்கும். (சிரிப்பு) ஆமாங்க, நம்ம விராலுக்குச் சீனத்துப் பங்காளி.

அது எப்படி அங்கே வந்தது? உள்ளூர்க்காரர் ஒருவரின் தங்கைக்கு உடம்பு சரியில்லை. விரால் சூப் கொடுத்தால் தேறுவாள் என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை. நோயில் படுத்து எழுந்தவர்களுக்கு விரால் வாங்கிக் கொடுக்கிற வீடு நம்ம பக்கமும் உண்டே! நியூயார்க் சந்தையில் இருந்து உயிரோடு இரண்டு மீன் வரவழைத்தார். அதற்குள் தங்கைக்குக் குணமாகிவிட்டது. சரி, இருக்கட்டும் என்று தொட்டியில் விட்டு வளர்த்தார். மீன் வளர்ந்தது, தொட்டி வளரவில்லை. கொல்ல மனசு வராமல் 2000-இல் அந்தக் குளத்தில் கொண்டுபோய் விட்டார்.

அவரைக் கெட்டவர் என்று யாராவது சொல்ல முடியுமா, நடுவர் அவர்களே? தங்கை மேல் பாசம், மீன் மேல் இரக்கம். ஆனால் விரால் என்ன செய்யும்? மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு காவலுக்குத் திரியும். கூப்பிடு தூரத்தில் ஆறு வேறு! அந்த மீன் தரையில் நடந்தே போய்விடும் என்று பத்திரிகைகள் எழுதியது கொஞ்சம் மிகைதான். ஆனால் வெள்ளம் வந்தால் நடக்கவே வேண்டாமே! செப்டம்பரில் அரசு அந்தக் குளத்தில் ரொட்டினோன் என்கிற வேர் விஷத்தைக் கலந்தது. மிதந்தவை 6 பெரிய மீன்கள், ஆயிரத்துக்கு மேல் குஞ்சுகள். கூடவே, ஒரு பாவமும் அறியாத அந்தக் குளத்து மீன்களும் செத்தன. விட்டவர் மேல் வழக்கு? காலக்கெடு தாண்டிவிட்டது என்று விட்டுவிட்டார்கள்.

எதிரணிக்கு இதிலே ஒரு வலுவான வாதம் இருக்கு. அவங்க சொல்லலை, நானே சொல்லிடறேன். (சிரிப்பு) 2002 அக்டோபரில் அமெரிக்க மத்திய அரசு, 1900-ஆம் வருஷத்து லேசி சட்டத்தின்கீழ் விரால் குடும்பத்தின் 28 இனங்களையும் மொத்தமாகத் தடுத்தது. நம்ம அஸ்ஸாமில் சாண் நீளம்கூட வளராத ஒரு வண்ண விரால் இருக்கு. அதை ஒழுங்காக வளர்த்தவர்களுக்கும் கதவு அடைபட்டது. அவர்கள் வருத்தம் நியாயம்தான். ஆனால் குஞ்சாக வந்து இறங்கும்போது இது எந்த விரால் என்று துறைமுக அதிகாரி எப்படிக் கண்டுபிடிப்பார்?

2017-இல் ஊர்வன வளர்ப்போர் சங்கம் ஒன்று போட்ட வழக்கில், பெருநிலப்பரப்பில் உள்ள மாநிலங்களுக்கு இடையே கொண்டு போவதை அந்தச் சட்டம் தடுக்காது என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. வெளிநாட்டில் இருந்து இறக்குவதற்கான தடை நின்றது. மற்றபடி அந்தந்த மாநிலச் சட்டம்தான்.

இன்னொன்று கேளுங்க. 2004-இல் பொட்டோமாக் ஆற்றில் விரால் கிடைத்தது. க்ராஃப்டனில் இருந்து தப்பியதோ என்று மரபணுவைச் சோதித்தார்கள். இல்லை! அது வேறு வம்சம். அதாவது வேறு யாரோ, வேறு எங்கேயோ, "இரண்டு மீன்தானே" என்று விட்டிருக்கிறார்! (கைதட்டல்) அந்த ஆற்றுக்கு விஷம் வைக்க முடியுமா? இன்றைக்கும் அதில் விரால் இருக்கு.

இப்போ பிடிச்சுச் சாப்பிட்டாவது குறைங்கப்பா என்கிறார்கள். பாம்புத்தலை என்று சொன்னால் யார் வாங்குவார்? அதனால் 2024-இல் மேரிலாந்து சட்டமன்றம் பேரையே மாத்திடுச்சு: 'செசபீக் சன்னா'. சன்னா என்பது அதன் அறிவியல் பெயர். நம்ம ஓட்டல்ல போய்க் கேட்டால் கொண்டைக்கடலைதான் வரும்! (சிரிப்பு)

மணி அடிச்சிட்டீங்க, நடுவர் அவர்களே.