மடற்சுழலும் எரித வடிகட்டலும்

மடற்சுழல் என்பது ஒரு மின்னஞ்சல் பெறுநரின் அஞ்சற்பெட்டியில் தங்காமல், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வழங்கிகளுக்கிடையே மீண்டும் மீண்டும் சுற்றிவரும் நிலையைக் குறிக்கும். எரித வடிகட்டல் என்பது, ஸ்பாம் எனப் பரவலாக அறியப்படும் வேண்டாத மடல்களை, அதாவது எரிதங்களை, இனங்கண்டு ஒதுக்கும் செயற்பாடு ஆகும். இவை இரண்டும் தனித்தனிச் சிக்கல்களாகத் தோன்றினாலும் ஒன்றையொன்று தூண்டக்கூடியவை. எரிதத்துக்கு அனுப்பப்படும் தானியங்கி மறுமொழி சுழலை உருவாக்கலாம். சுழலைத் தடுக்க இட்ட விதி நல்ல மடலை ஒதுக்கிவிடலாம். அனுப்பியவரும் பெறவேண்டியவரும் அறியாமலேயே ஒரு மடல் மறைந்துபோவது இவற்றால் விளையும் பெருங்கேடு ஆகும்.

பின்னணி

இணையத்தில் மடல்களை எடுத்துச்செல்லும் எளிய அஞ்சல் பரிமாற்ற நெறிமுறையை (எஸ்.எம்.டி.பி.) ஜான் போஸ்டல் 1982 ஆம் ஆண்டு ஆர்.எப்.சி. 821 என்னும் ஆவணத்தில் வரையறுத்தார். அறிமுகமானவர்கள் மட்டுமே பயன்படுத்திய சிறு வலையமைப்புக்கென உருவானதால், அனுப்புநர் உண்மையானவர்தானா எனச் சரிபார்க்கும் வழி அதில் இல்லை. அதற்கு முன்பே, 1978 மே மாதத்தில், டி.இ.சி. நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க் ஏறத்தாழ 400 ஆர்ப்பாநெட் பயனர்களுக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பியிருந்தார். இதுவே முதல் எரிதமாகக் கருதப்படுகிறது.

ஒரு மின்னஞ்சலில் இரண்டு அனுப்புநர் முகவரிகள் உள்ளன. ஒன்று, வழங்கிகள் பயன்படுத்தும் உறை முகவரி. மற்றொன்று, படிப்பவருக்குத் தெரியும் தலைப்பகுதி முகவரி. தபால் உறையின்மேல் எழுதிய முகவரியையும் உள்ளே கடிதத்தில் எழுதிய முகவரியையும் இவற்றுக்கு ஒப்பிடலாம். இரண்டையும் எவரும் பொய்யாக எழுதலாம் என்பதே பின்வரும் சிக்கல்கள் பலவற்றின் வேர்.

சுழல் தோன்றும் விதங்கள்

எடுத்துக்காட்டாக, காஞ்சிபுரத்தில் சொந்த மின்னஞ்சல் வழங்கி வைத்துள்ள ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம்.

* முன்னனுப்பல்: சங்கத்தின் முகவரிக்கு வரும் மடல்கள் மேலாளரின் சொந்த முகவரிக்கு முன்னனுப்பப்படுகின்றன. மேலாளர் தம் சொந்த மடல்களைச் சங்க முகவரிக்கு முன்னனுப்பும்படி அமைத்துவிட்டால் சுழல் முழுமையடைகிறது.
* தானியங்கி மறுமொழி: "தங்கள் மடல் கிடைத்தது" என்று சங்கத்தின் வழங்கி விடையளிக்கிறது. எதிர்முனையிலும் அத்தகைய நிரல் இருந்தால் இரண்டும் ஓயாமல் விடையளித்துக்கொண்டிருக்கும்.
* ஆள்கள அமைப்புப் பிழை: ஆள்களத்தின் அஞ்சற் பரிமாற்றிப் பதிவு சங்கத்தின் வழங்கியைச் சுட்டுகிறது. ஆனால், அந்த ஆள்களம் தனக்குரியது என்பது வழங்கியின் அமைப்புக் கோப்பில் இல்லை. வழங்கி மடலை வெளியே அனுப்ப முயன்று தன்னையே அடைகிறது.
* மடலாடற்குழு: குழு உறுப்பினர் ஒருவரின் விடுமுறை அறிவிப்பு குழுவின் முகவரிக்கே செல்லுமானால், அது அனைவருக்கும் பரப்பப்பட்டு அவரிடமே திரும்பி, மற்றொரு அறிவிப்பைத் தூண்டும்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மடல் இரண்டாகப் பெருகுமானால், பத்துச் சுற்றுகளில் 1024 மடல்கள் உருவாகிவிடும். வழங்கியின் வரிசையும் வட்டும் நிரம்பி, தொடர்பில்லாத மடல்களும் தேங்கும்.

சுழலைத் தடுக்கும் முறைகள்

மடலைக் கையாளும் ஒவ்வொரு வழங்கியும் அதன் தலைப்பகுதியில் "ரிசீவ்டு" என்னும் ஒரு வரியைச் சேர்க்கிறது. இவ்வரிகள் மிகுந்தால் சுழல் என முடிவு செய்யலாம். 2008 ஆம் ஆண்டின் ஆர்.எப்.சி. 5321, இதற்கான எல்லை பொதுவாக 100-க்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்கிறது. நடைமுறையில் இயல்பான எல்லை சென்ட்மெயிலில் 25, எக்சிமில் 30, போஸ்ட்ஃபிக்சில் 50 ஆகும். ஆகவே, வரிகளை நீக்கும் முன்னனுப்பல் நிரல்கள் இப்பாதுகாப்பையே அழித்துவிடுகின்றன.

மடல் சேரவில்லை எனத் தெரிவிக்கும் சேராமை அறிவிப்பு, வெற்று உறை முகவரியுடன் அனுப்பப்படவேண்டும். அதற்குத் திரும்பவும் அறிவிப்பு அனுப்ப முகவரி இராது. எனவே சுழல் அங்கேயே அறுபடும். 2004 ஆம் ஆண்டின் ஆர்.எப்.சி. 3834, தானியங்கி மறுமொழிகள் "ஆட்டோ-சப்மிட்டட்" என்னும் தலைப்பு வரியைத் தாங்கவேண்டும் என்றும், அவ்வரி உள்ள தானியங்கி மடலுக்கு விடையளிக்கக்கூடாது என்றும் பரிந்துரைக்கிறது.

வடிகட்டி செயற்படும் விதம்

பெரும்பாலான வழங்கிகள் பல தடைகளை அடுக்காக வைத்துள்ளன. முதலாவது, எரிதம் அனுப்பும் கணினிகளின் ஐ.பி. எண்களைக் கொண்ட தடைப்பட்டியல். அடுத்தது, 2003 இல் இவான் ஹாரிஸ் முன்மொழிந்த சாம்பற்பட்டியல் முறை. இதில் அறிமுகமற்ற அனுப்புநர் தற்காலிகமாக மறுக்கப்படுகிறார். முறையான வழங்கி சிறிது நேரம் கழித்து மீண்டும் முயலும். எரித நிரல்கள் பலவும் முயலா.

மூன்றாவது, உள்ளடக்கத்துக்குப் புள்ளியிடுதல். 2001 இல் ஜஸ்டின் மேசன் வெளியிட்ட ஸ்பாம்அசாசின் என்னும் கட்டற்ற மென்பொருள் பல நூறு விதிகளால் புள்ளியிடுகிறது. மொத்தம் 5 புள்ளிகளை எட்டினால் மடல் எரிதம் எனக் குறிக்கப்படும். பயனரின் மடல்களிலிருந்தே சொற்களின் நிகழ்தகவைக் கற்கும் பேய்சு முறையும் இதில் உண்டு. பால் கிரகாம் 2002 இல் எழுதிய கட்டுரையால் இம்முறை பரவலாக அறியப்பட்டது. ஸ்பாம்அசாசினில் இம்முறை இயங்குமுன் குறைந்தது 200 எரிதங்களும் 200 நல்ல மடல்களும் அதற்குக் கற்பிக்கப்பட வேண்டும்.

அம்மடல்கள் அந்தந்த நிறுவனத்தினுடையவையாக இருப்பது இன்றியமையாதது. "தள்ளுபடி", "விலை", "உடனே அனுப்பவும்" போன்ற சொற்கள் பிற இடங்களில் எரிதத்தின் அடையாளமாகலாம். மேற்கூறிய சங்கத்திலோ அவை அன்றாட வணிகச் சொற்கள். கோர்வைச் சேலையும் சரிகை விவரமும் கேட்டு, முகூர்த்த நாளுக்கு முன் வேண்டும் என வெளிநாட்டிலிருந்து வரும் மடலை வடிகட்டி ஒதுக்கினால், கேட்டவர் விடை வரவில்லை என்று வேறு கடையை நாடுவார். ஒதுக்கப்பட்டதை எவரும் அறியார். நூறு எரிதங்கள் உள்ளே வருவதைவிட இத்தகைய தவறான ஒதுக்கல் ஒன்றே கேடு மிக்கது.

தமிழ் மடல்கள்

யுனிகோடுக்கு முன்பு தமிழ் மடல்கள் பெரும்பாலும் திஸ்கி, தாப் முதலிய எட்டு பிட்டுக் குறிமுறைகளில் எழுதப்பட்டன. அவ்வெழுத்துகள் பொருள்வரியில் அப்படியே இடப்பட்டால் விதிமீறலாகக் கருதப்பட்டு எரிதப் புள்ளி பெற்றன.

யுனிகோடின் யு.டி.எப்.-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. பொருள்வரியில் அது பேஸ்64 முறையில் 4 எழுத்துகளாக மாற்றப்படுகிறது. "காஞ்சிபுரம்" என்னும் சொல்லில் 11 குறியீடுகள் உள்ளதால் அது 44 எழுத்துகளாகிறது. இவ்வாறு மாற்றப்பட்ட ஒரு துண்டு 75 எழுத்துகளை மீறக்கூடாது என்பதால், ஒரு துண்டில் 15 குறியீடுகளே அடங்கும். அனுப்பும் நிரல் ஒரு குறியீட்டின் நடுவே வெட்டினால் பொருள்வரி சிதைந்து, மனிதர்க்கும் வடிகட்டிக்கும் ஐயத்தை விளைவிக்கும்.

ஸ்பாம்அசாசினின் மொழி அறியும் செருகுநிரலில் தமிழுக்கு இடமுண்டு. ஆங்கிலம் மட்டுமே ஏற்கப்படும் என அமைத்துவிட்டு, தமிழ் மடல்கள் ஏன் வரவில்லை எனத் தேடுவது வீண். 2022 டிசம்பரில் வெளியான 4.0 பதிப்பில் யுனிகோடு கையாளுதல் மேம்படுத்தப்பட்டது.

அறியப்பட்ட பிழைகள்

* ஓ.ஆர்.டி.பி. என்னும் தடைப்பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. பல வழங்கிகள் அதைத் தொடர்ந்து வினவியதால், 2008 மார்ச்சில் அது எல்லா ஐ.பி. எண்களையும் தடைக்குரியவை எனத் தெரிவிக்கத் தொடங்கியது. அமைப்பைப் புதுப்பிக்காத வழங்கிகள் நல்ல மடல்களையும் மறுத்தன.
* ஸ்பாம்அசாசினின் ஒரு விதி, 2010 முதல் 2099 வரையான ஆண்டுகளைத் தொலைவான எதிர்காலம் எனக் கருதியது. 2010 சனவரி 1 அன்று, சரியான தேதியிட்ட மடல்கள் எரிதப் புள்ளி பெற்றன. திருத்தம் அன்றே வெளியிடப்பட்டது.

இரு நிகழ்வுகளிலும் மடல்களில் மாற்றம் ஏதுமில்லை. காலம் கடந்த விதியே பிழைக்குக் காரணம்.

பின்சிதறல்

வழங்கி ஒரு மடலை ஏற்றபின் எரிதம் எனக் கண்டு சேராமை அறிவிப்பு அனுப்பினால், அது பொய்யாக எழுதப்பட்ட முகவரிக்கு, தொடர்பில்லாத ஒருவருக்குச் செல்லும். இது பின்சிதறல் எனப்படும். இவ்வாறு செய்யும் வழங்கி தானே தடைப்பட்டியலில் இடம்பெற நேரிடும். இணைப்பு நிலவும்போதே 5-இல் தொடங்கும் குறியெண்ணுடன் மடலை மறுப்பதே சரியான முறை. அப்போது உண்மையான அனுப்புநருக்கு அவருடைய வழங்கியே செய்தி சொல்லும். எரிதம் அனுப்புபவருக்குப் பதில் எவரும் தொல்லையுறார்.

சிக்கலைக் கண்டறிதல்

1. மடலின் தலைப்பகுதி முழுவதையும் எடுத்து, "ரிசீவ்டு" வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். அடிவரிகள் பொய்யாக இருக்கலாம். தன் வழங்கி சேர்த்த வரிகளையே முழுமையாக நம்பலாம். ஒரே வழங்கியின் பெயர் மாறிமாறி வந்தால் அது சுழல்.
2. மடலின் அடையாள எண்ணை வழங்கியின் பதிவேட்டில் தேடி, அது ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, முன்னனுப்பப்பட்டதா என அறியவேண்டும்.
3. சுழல் நடந்துகொண்டிருந்தால் முதலில் முன்னனுப்பலையோ தானியங்கி மறுமொழியையோ நிறுத்தவேண்டும். வரிசையில் உள்ளவற்றை அழிக்காமல் நிறுத்திவைப்பது நன்று. அவற்றில் நல்ல மடல்களும் இருக்கலாம்.
4. எரிதம் எனத் தவறாகக் குறிக்கப்பட்ட மடலில், எந்த விதி எத்தனை புள்ளி இட்டது என்பதைப் பார்க்கவேண்டும். எல்லையை உயர்த்துவதைவிட, தவறான விதியைத் திருத்துவது மேல்.
5. வினவப்படும் தடைப்பட்டியல்கள் இன்னும் இயங்குகின்றனவா எனக் காலமுறையில் சரிபார்க்கவேண்டும்.

முன்னனுப்பிய மடல்கள் மட்டும் தொலைந்தால், அனுப்புநர் சரிபார்ப்பு முறைகள் காரணமாக இருக்கலாம். எஸ்.பி.எப். முறை மடலைக் கொண்டுவரும் வழங்கியின் ஐ.பி. எண்ணைச் சோதிப்பதால், இடையில் முன்னனுப்பிய வழங்கி அச்சோதனையில் தோற்கும். டி.கே.ஐ.எம். கையொப்பம் மடல் மாற்றப்படாதவரை நிலைக்கும். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5000-க்கு மேல் மடல் அனுப்புவோர், இவ்விரண்டுடன் டி.எம்.ஏ.ஆர்.சி. முறையையும் பின்பற்றவேண்டும் எனக் கூகுள் நிறுவனம் விதித்துள்ளது.

இவற்றையும் பார்க்க

* மின்னஞ்சல்
* எரிதம்
* ஆள்களப் பெயர் முறைமை
* திஸ்கி
* யுனிகோடு
* கட்டற்ற மென்பொருள்